வளவில் ஒரு வாள் சாகசம்

கேள்வி: விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளோடு, வாளும் மந்திரமும் கலந்த பழைய பாணி மேசை விளையாட்டை ஆடிப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், கண்டரமாணிக்கம்

பதில்: தாராளமாக ஆடுங்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இதன் தொடக்கம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, “கதவை மெல்லத் தள்ளுகிறேன்” என்று வாயால் சொல்லியே ஆடுவார்கள். சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். பழைய பாணியில் வீரன் சட்டென்று செத்துப்போவான். அதனால் சண்டையைவிடத் தந்திரமே உதவும். அதுதான் இதன் ருசி!

இந்தப் பழைய பாணியில் ஆட உதவும் ‘பேசிக் ஃபேன்டஸி’ விதிநூல் ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தாயக்கட்டை போதாது, இருபது முகப் பகடை வேண்டும். கைபேசிச் செயலியிலும் உருட்டலாம். கதைக்களத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டிநாட்டு வீடு, அதன் இரண்டாம் கட்டில் ஒரு வேதாளம் போதும். முதல் கதையை நீங்களே நடத்துங்கள்.