கொல்லையில் மல்லியா, வேம்பா?



போன புரட்டாசி மாதக் கூட்டத்தில் நம் குழு உறுப்பினர் ஒருவர் ஒரு கடன் கேட்டார். "வீட்டுக்குப் பின்னாடி நிக்கிற வேப்பமரத்தை வெட்டிட்டு, அந்த எடத்துல 20 மல்லிச் செடி வைக்கப் போறேன். நாத்து வாங்க, குழி வெட்ட, எருப் போட பணம் வேணும்" என்றார். பூ வருமானம் வரும், தவணை தவறாது என்று சிலர் சொன்னோம். மரத்தை வெட்டலாமா என்று சிலர் கேட்டோம். அந்தக் கூட்டமே ஒரு வேப்பமரத்து நிழலில்தான் நடந்தது!

அப்போது நம் குழுவின் மூத்த உறுப்பினர் தன் கதையைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன் அவரும் கடன் வாங்கி மல்லி வைத்தவர்தான். மரத்தை வெட்ட மனமில்லாமல், அதன் அடியிலேயே நட்டுவிட்டார். செடி நெடுநெடுவென வளர்ந்தது, இலையும் தழைத்தது. பூ மட்டும் வரவில்லை. "பூ பூக்கலம்மா, தவணைதான் மாசாமாசம் பூத்துச்சு. கூலி வேலைக்குப் போய்த்தான் கட்டி முடிச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் யோசிக்கவும் ஆரம்பித்தோம். கடனை ஒரு வாரம் தள்ளிவைத்து, ஐந்து பேர் போய் அந்த இடத்தைப் பார்த்து வருவது என்று தீர்மானம் போட்டோம்.

அந்த ஒரு வாரத்தில் நாம் கற்றதுதான் இந்த மாதப் பாடம்.

மல்லி என்ன கேட்கும்? என்ன தரும்?

குண்டுமல்லி ஒருமுறை நட்டால் பத்து வருடத்துக்கு மேலும் பூக்கும் செடி. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அது சும்மா பூப்பதில்லை.

• வெயில்: நாளில் பாதி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் வேண்டும். நிழலில் இலைதான் மிஞ்சும்.
• இடம்: செடிக்குச் செடி 4 அடி. ஒரு அடி நீள, அகல, ஆழக் குழியில் மக்கிய தொழு உரம் போட்டு, வேர் பிடித்த நாற்றை ஆனி முதல் ஐப்பசிக்குள் நடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது.
• கவாத்து: கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் பங்குனி, சித்திரையில் புதுத் துளிர் விட்டுப் பூக்கும்.
• ஆள்: விடியற்காலையில் மொட்டாகவே பறிக்க வேண்டும். பிந்தினால் விரிந்துவிடும், விலை போகாது. சமையலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அதே நேரத்தில்தான் என்பது நமக்குத் தெரியாதா?

முதல் வருடம் நம் தலைக்கு வைக்கத்தான் பூ கிடைக்கும். இரண்டாம் வருடத்திலிருந்து விற்கலாம். விலை ஏறி இறங்கும். பொங்கல் சமயத்தில் கிலோ ரூ.2,000-ஐத் தாண்டிய வருடங்கள் உண்டு. அதைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. பனிக் காலத்தில் யாரிடமும் பூ இல்லாததால்தான் அந்த விலை. நம் செடியும் அப்போது கவாத்து முடிந்து மொட்டையாக நிற்கும். செடி கொட்டிப் பூக்கும் கோடையில் என்ன விலையோ, அதை வைத்துத்தான் தவணைக் கணக்குப் போட வேண்டும்.

வேம்பு என்ன கேட்கும்? என்ன தரும்?

வேம்பு அவசரப்படாது. நட்ட முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும், ஆடு கடிக்காமல் முள்வேலியும் கேட்கும். அதற்குப் பிறகு நம்மிடம் எதுவும் கேட்காது. காய்க்க நான்கைந்து வருடம் ஆகும். அதுவரை கையில் ஒரு காசு வராது.

ஆனால் வளர்ந்துவிட்டால்? சித்திரை வெயிலில் வீட்டுச் சுவர் கொதிக்காது. தொட்டில் கட்டலாம், ஆடு கட்டலாம், பூக் கட்டலாம், கூட்டம் போடலாம். ஆட்டுக்குத் தழை கிடைக்கும். ரசத்துக்குப் பூ கிடைக்கும். ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கிக் கொட்டையை விற்கலாம். பிள்ளை காலத்துக்கும் நிற்கும். நிழலுக்கு யாரும் நம் கையில் பணம் தருவதில்லை. அதனால்தான் அதை வரவில் எழுத மறந்துவிடுகிறோம்.

தண்ணீர்க் கணக்கு

நேரில் போனபோது நாம் முதலில் கேட்டது, "கோடையில தண்ணி எங்கிருந்து வரும்?" என்பதுதான். "குழாயில பிடிச்சுத்தான் ஊத்தணும்" என்றார். உடனே அங்கேயே கணக்குப் போட்டோம்.

செடிக்கு ஒரு குடம், மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்வோம்.

20 செடி: மாதம் 10 தடவை, 200 குடம்.
12 செடி: மாதம் 10 தடவை, 120 குடம்.

"இருநூறு குடமா? என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்!" என்று அவரே சொன்னார். பாத்திரம் அலசும் தண்ணீரை, சோப்பு அதிகம் கலக்காமல், திருப்பிவிட்டால் 12 செடியைச் சமாளிக்கலாம் என்று அவரே முடிவு செய்தார்.

இடம் பார்ப்பது எப்படி?

காலை 9 மணி, மதியம் 12 மணி, மாலை 3 மணி என மூன்று வேளையும் மரத்தின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே குச்சி நட்டோம். மரம் வீட்டுக்கு மேற்கே நிற்கிறது. மதியத்துக்கு மேல் அடிக்கிற வெயிலை அதுதான் தடுக்கிறது. அதை வெட்டினால் சாயங்காலம் வீட்டுக்குள் இருக்க முடியாது. கிழக்குப் பக்கமோ விறகும் குப்பையும் போட்டு வைத்த 12 அடிக்கு 16 அடி இடம். மதியம் வரை நல்ல வெயில். 12 செடிக்குச் சரியான அளவு!

புதிதாக இரண்டும் வைப்பவர்களும் இதையே பின்பற்றலாம். மரம் மேற்கே, செடி கிழக்கே அல்லது தெற்கே. மரத்தைச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். மின்கம்பிக்கு அடியிலும் கழிவுத் தொட்டி பக்கத்திலும் வேண்டாம்.

மரம் செடிக்கு மருந்து தரும்

மல்லியில் மொட்டுப்புழு விழுந்தால் மொட்டு ஊதா நிறமாகிக் கெட்டுப்போகும். அதற்கு நம் வேப்பங்கொட்டையே மருந்து. அரைக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊற வைக்க வேண்டும். காலையில் பால் போல வரும் வரை பிழிந்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். மொட்டு கட்டத் தொடங்கும்போதே, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்கில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூசணம் பிடிக்கும். ஒரு வருடத்துக்கு மேல் பழகிய கொட்டையில் வீரியம் இருக்காது.

கடைசியில் என்ன முடிவு?

மரம் நின்றது. கிழக்கே ஐப்பசியில் 12 மல்லி நட்டார். கேட்ட கடனும் குறைந்தது, தவணையும் குறைந்தது. முதல் வருடம் பூ விற்க முடியாது என்பதால், ஆட்டு வருமானத்திலிருந்து தவணை கட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றையும் அன்று மனம்விட்டுப் பேசினோம். காலையில் பறித்த பூவின் காசு பெரும்பாலும் நம் முந்தானையில் முடிகிறது. மரத்தை விலை பேசும்போதோ நம்மை யாரும் கேட்பதில்லை. நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்தது யார்? அந்த மரத்தை வெட்டலாமா, விற்கலாமா என்பதிலும் நமக்குப் பேச்சு இருக்க வேண்டும். அதனால், மரத்தைத் தொடுகிற எந்தக் கடன் மனுவையும் வீட்டில் இருவரும் பேசிய பிறகே எடுத்துக்கொள்வது என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதி வைத்தோம்.

உங்கள் குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் வீட்டு மனை யார் பெயரில் இருக்கிறது? வாடகை இடம் என்றால் எதை நடுவீர்கள்?
2. கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் மிஞ்சும்? அது எத்தனை செடிக்குப் போதும்?
3. விடியற்காலையில் பூப் பறிக்க உங்களைத் தவிர வீட்டில் வேறு யார் வருவார்கள்?
4. உங்கள் வீட்டுக்கு மேற்கே நிழல் இருக்கிறதா?

மல்லி இந்த வருடத்தைப் பார்க்கும், வேம்பு வரும் வருடங்களைப் பார்க்கும். இரண்டையும் பார்த்துத்தான் நாம் குடும்பம் நடத்துகிறோம். மண்வெட்டியை எடுக்கும் முன் நான்கு குச்சியை எடுத்து நிழலை அளந்து பாருங்கள். அளந்ததை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.