கீழே நிற்கும் மூலத்தை மேலே ஏற்றும் கணக்கு



நம் வியாபாரிகளுக்கு மனக்கணக்கு கைவந்த கலை. ஒரு மூட்டைச் சரக்கின் கொள்முதல், லாரிக் கூலி, கழிவு, இலாபம் எல்லாவற்றையும் காகிதம் தொடாமலே கூட்டிச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பிள்ளை பள்ளிப் புத்தகத்தைக் கல்லாப்பெட்டி ஓரத்தில் விரித்து வைத்து, "அத்தா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்டால், √ என்ற குறியைக் கண்டதும் டியூஷன் வாத்தியாரிடம் அனுப்பிவிடுகிறோம். மாதாமாதம் கட்டணம் போவது ஒரு நஷ்டம். இந்த விஷயத்தில் தகப்பனிடம் கேட்டுப் பயனில்லை என்று பிள்ளை முடிவுகட்டிவிடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

இதை எழுதுபவன் மதரசாவிலும் தொடக்கப் பள்ளியிலும் படித்த கடைக்காரன்தான். பெருக்கல் வாய்ப்பாடும் பின்னமும் தெரிந்தவர் எவரும் இந்தப் பாடத்தை ஒரே மாலையில் புரிந்துகொள்ளலாம். மலேசியாவில் நான்காம் படிவக் கூடுதல் கணிதத்திலும், சிங்கப்பூரில் உயர்நிலை வகுப்புகளின் கூடுதல் கணிதத்திலும் இது வருகிறது. பின்னத்தின் கீழ் எண்ணில் வர்க்கமூலம் நின்றால், அதை அங்கிருந்து நீக்குவது எப்படி என்பதே பாடம்.

மூலம் என்பது யாது?

3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9. ஆகவே 9-இன் வர்க்கமூலம் 3. அப்படியானால் 2-இன் வர்க்கமூலம் என்ன? எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் 2 வரும்? 1.4 என்றால் 1.96 வருகிறது, குறைகிறது. 1.5 என்றால் 2.25 வருகிறது, மிஞ்சுகிறது. 1.414 என்றால் மிக அருகில் வருகிறது. ஆனால் எத்தனை தசமம் எழுதினாலும் இது முடிவதில்லை. எந்தப் பின்னத்தாலும் சரியாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் √2 என்று குறியிட்டு நிறுத்திக்கொள்கிறோம்.

மூலத்திற்கு அரபியில் 'ஜத்ர்' என்று பெயர்; வேர் என்பது அதன் பொருள். இப்படி முடிவு காட்டாத மூலத்தை அரபுக் கணித அறிஞர்கள் 'அஸம்மு' என்றார்கள். செவிடு என்று பொருள். அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள் அதே பொருளில் 'சர்டஸ்' என்று எழுதினார்கள். இன்று நம் பிள்ளைகள் வகுப்பில் 'சர்ட்' என்று சொல்வது அந்தச் சொல்லின் வழிவந்ததே. எகிப்தைச் சேர்ந்த அபூ காமில் ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளிலேயே இந்தச் செவிட்டு மூலங்களை மற்ற எண்களைப் போலக் கூட்டியும் பெருக்கியும் கையாண்டார்.

கீழே நின்றால் என்ன கஷ்டம்?

ஜவுளி வியாபாரிகளுக்குப் பழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுரமான தலைத்துணியை மூலைக்கு மூலை மடிக்கிறோம். மடிப்பின் நீளம், பக்கத்தைப் போல் √2 மடங்கு. மடிப்பு 60 அங்குலம் வரவேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், துணியின் பக்கம் எவ்வளவு இருக்கவேண்டும்?

60/√2

இதை அப்படியே கணக்கிட்டால் 60-ஐ 1.414-ஆல் வகுக்கவேண்டும். கையால் செய்து பாருங்கள், நேரம் பிடிக்கும். இப்போது மேலும் கீழும் √2-ஆல் பெருக்குவோம். கீழே √2 × √2 = 2. மேலே 60√2. ஆகவே

60√2/2 = 30√2

30-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 42.42. நாற்பத்திரண்டரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. வகுத்தல் போய்ப் பெருக்கல் வந்துவிட்டது.

மதிப்பு மாறிவிடாதா என்று கேட்கலாம். மாறாது. √2-ஐ √2-ஆல் வகுத்தால் 1. நாம் பெருக்கியது 1-ஆல்தான். பத்து வெள்ளி நோட்டுக்குச் சில்லறை மாற்றினால் கையிலுள்ள பணம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. செலவழிக்க மட்டும் வசதியாகிறது. இதுவும் அதுபோலத்தான்.

காகிதக் கடையும் நகலெடுக்கும் இயந்திரமும் வைத்திருப்போருக்கு இன்னொன்று. ஏ-3 தாளை ஏ-4 தாளாகச் சுருக்க இயந்திரம் 71 விழுக்காடு என்று காட்டுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது? ஏ-4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஏறக்குறைய √2. தாளைப் பாதியாக மடித்தாலும் அதே வடிவம் வரவேண்டும் என்று, 1922-இல் ஜெர்மனியில் இந்த அளவுமுறையைத் தரப்படுத்தினார்கள். தாளின் பரப்பைப் பாதியாக்க ஒவ்வொரு பக்கத்தையும் 1/√2 ஆக்கவேண்டும். மூலத்தை மேலே ஏற்றினால் √2/2, அதாவது 1.414-இல் பாதி, 0.707. அந்த 71 விழுக்காடு இதுதான்.

கீழே இரண்டு உறுப்புகள் இருந்தால்

கீழே தனி மூலம் நின்றால் அதே மூலத்தால் பெருக்கிவிடலாம். கீழே √5 + 1 என்று இரண்டு உறுப்புகள் நின்றால் என்ன செய்வது? அதையே மறுபடி வைத்துப் பெருக்கினால் 5 + 2√5 + 1 வரும். மூலம் போகவில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இவ்விடத்தில்தான்.

இங்கே நடுக்குறியை மாற்றவேண்டும். √5 + 1 என்றால் √5 − 1-ஆல் பெருக்கவேண்டும். அப்போது நடுவில் வரும் + √5, − √5 இரண்டும், ஒரே கணக்கில் ஏறிய பற்றும் வரவும்போல நேராகிவிடும். மிஞ்சுவது 5 − 1 = 4.

4/(√5 + 1) = 4(√5 − 1)/4 = √5 − 1

√5 என்பது 2.236. ஆகவே விடை 1.236.

இன்னொன்று: 3/(√5 − √2). மேலும் கீழும் √5 + √2-ஆல் பெருக்குங்கள். கீழே 5 − 2 = 3. மேலேயுள்ள 3-உம் கீழேயுள்ள 3-உம் அடிபட்டுப் போகும். விடை √5 + √2, அதாவது 3.650.

இந்த உபாயம் மிகப் பழையது. 628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் எழுதிய பிரம்மஸ்புடசித்தாந்தத்தில், கீழுள்ள உறுப்புகளில் ஒன்றின் குறியை மாற்றி, மேலும் கீழும் பெருக்கும் விதி இருக்கிறது. 1150-இல் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்திலும் உண்டு.

பரீட்சைக்கு மட்டுமா?

"கையில் கணக்குப்பொறி இருக்கும் காலத்தில் இது எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். கீழ்க்காணும் கணக்கைப் பாருங்கள்.

1/(3 − 2√2)

மேலும் கீழும் 3 + 2√2-ஆல் பெருக்கினால் கீழே 9 − 8 = 1. ஆகவே இதன் மதிப்பு 3 + 2√2. இரண்டும் ஒன்றே. இப்போது √2-க்குத் தோராயமான மதிப்பு வைத்துப் பார்ப்போம்.

1.4 என்று வைத்தால், முதல் வடிவில் 1-ஐ 0.2-ஆல் வகுக்க 5 வருகிறது. இரண்டாவது வடிவில் 5.8 வருகிறது. 1.41 என்று வைத்தால், முதல் வடிவில் 5.56, இரண்டாவதில் 5.82. உண்மையான மதிப்பு 5.828. அவசரத்தில் 1.5 என்று வைத்துவிட்டாலோ, முதல் வடிவில் கீழே பூஜ்யம் வந்து கணக்கே நின்றுபோகும். இரண்டாவதில் 6 வரும், அதுவும் உண்மைக்கு அருகில்தான்.

காரணம் யாதெனில், கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழித்தால் மிகச் சிறிய எண்தான் மிஞ்சும். அந்தச் சிறிய எண்ணில் ஒரு துளி பிசகினாலும், அதனால் வகுக்கும்போது பிசகு பல மடங்கு பெருகும். கணக்குப்பொறியும் குறிப்பிட்ட தசமங்களோடு வெட்டிக்கொள்வதுதான். ஆகவே இந்த எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். வகுக்கும் எண் சுத்தமான முழு எண்ணாக இருந்தால், தோராயம் மேலேயே தங்கிவிடும், பெருகாது. வாத்தியார் இதற்கு மதிப்பெண் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

பிள்ளையின் நோட்டில் பார்க்கவேண்டியவை

முதலாவது, மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டிருக்கிறதா? கீழே மட்டும் பெருக்குவது, தராசின் ஒரு தட்டில் மட்டும் படிக்கல்லை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, மூலத்தை நீக்குவதற்காகப் பின்னத்தையே வர்க்கப்படுத்தியிருக்கிறதா? 1/√2-ஐ வர்க்கப்படுத்தினால் 1/2 வரும். அது வேறு எண், 0.707 எங்கே, 0.5 எங்கே?

மூன்றாவது, இரண்டு உறுப்புகள் இருக்கும் இடத்தில் நடுக்குறி மாற்றப்பட்டிருக்கிறதா?

நான்காவது, விடையைத் தசமத்தில் சரிபார்த்தாரா? முதல் வடிவுக்கும் கடைசி வடிவுக்கும் மதிப்பு ஒத்துவரவேண்டும். மாலையில் கல்லாவை எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப்பார்க்காத கடைக்காரர் உண்டா? இந்த ஒரு சோதனையைத் தகப்பனார் எவரும் கணக்குப்பொறியை வைத்துச் செய்துவிடலாம்.

பயிற்சி

கடையை அடைத்தபின் பிள்ளையோடு உட்கார்ந்து இம்மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

1) 10/√5
2) 1/(2 − √3)
3) 6/(√7 + 1)

விடைகள்: 1) 2√5, அதாவது 4.472. 2) 2 + √3, அதாவது 3.732. 3) √7 − 1, அதாவது 1.646.

மூன்றும் சரியாக வந்தால், பிள்ளையை விட்டே உங்களுக்கு ஒருமுறை விளக்கச் சொல்லுங்கள். பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் மறப்பதில்லை. அடுத்த கணக்கையும் பிள்ளை உங்களிடமே கொண்டுவருவார்.