விசிலுக்கு முன்னால் நோட்டு
அருள்புரத்தில் கோடை விளையாட்டு முகாம் நடத்தப் போகும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்

பள்ளிக்கூடத்துக்கு முழுப்பரீட்சை லீவு விட்டதும் அருள்புரம் லைன் வீடுகளில் பகல் நேரம் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். அப்பாவும் அம்மாவும் காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால், ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் வெளியே வர இரவு எட்டு, எட்டரை ஆகும். அதுவரை வீட்டில் இருப்பது ஒரு செல்போனும், பக்கத்து வீட்டுப் பாட்டியின் அரைக் கவனமும்தான். இந்த ஊரில் கோடை முகாமுக்கு வேலை இருப்பது அதனால்தான். மாநில அணிக்கு ஆள் எடுப்பது அதன் முதல் நோக்கம் அல்ல.

முகாமில் இரண்டு வேலைகள் உண்டு. ஆட்ட நுணுக்கம் சொல்லித் தருபவர் பயிற்சியாளர். பிள்ளைகள் வந்தது முதல் திரும்பிப் போகும் வரை கூடவே இருப்பவருக்கு நம்மிடம் தனிப் பெயர் இல்லை. பிள்ளைகள் ‘அண்ணா’, ‘அக்கா’, ‘மாஸ்டர்’ என்று கூப்பிடும். இந்தக் கட்டுரை இரண்டாமவருக்கு.

1. எங்கே சேர்வது?

1992-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடை விடுமுறையில் மாவட்டங்களில் பயிற்சி முகாம் நடத்துகிறது. விவரம் அறிய மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நல அலுவலரை அணுகலாம். பள்ளிகள், கபடிக் குழுக்கள், சிலம்பக் கூடங்கள் நடத்தும் முகாம்களிலும் உதவிக்கு ஆள் தேவைப்படும். கல்லூரியில் படித்துக்கொண்டே ஊர் அணியில் ஆடுகிறவருக்கு இது நல்ல தொடக்கம். இதையே தொழிலாக்க நினைத்தால் உடற்கல்விப் பட்டமோ, பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ் பயிற்சியோ அடுத்த படி. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கியது சென்னையில்தான், ஒய்எம்சிஏ பெயரில். இந்தத் தொழிலுக்கு நம் மாநிலத்தில் நூறு வயது தாண்டிவிட்டது.

2. நேரத்தைக் கம்பெனி நேரத்தோடு பொருத்துங்கள்

ஒரு வேளை முகாம்தான் முடியும் என்றால் காலையை எடுங்கள்: ஆறேகால் முதல் எட்டு வரை. அப்போது பெற்றோர் வீட்டில் இருப்பார்கள். பிள்ளை கிளம்புவதையும் திரும்புவதையும் அவர்கள் கண்ணால் பார்க்கலாம். வெயிலும் ஏறியிருக்காது. மாலையில் நாலரை முதல் ஆறரை வரை நடத்தினால், முடியும் நேரத்தில் பல வீடுகள் பூட்டியிருக்கும். பிள்ளையை யார் வாங்கிக்கொள்வது என்று முடிவாகாமல் மாலை முகாமுக்குப் பெயர் எழுதாதீர்கள். பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாளில் வைத்தால் அவர்களுக்கு அரை நாள் கூலி போகும்.

3. நோட்டு போடுங்கள்

விசில் வாங்குவதற்கு முன் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பிள்ளை ஒன்றுக்கு ஒரு பக்கம். பெயர், வயது, வீட்டு அடையாளம், பெற்றோர் இருவரின் போன் எண், எந்தக் கம்பெனி, எந்த யூனிட். கம்பெனிக்குள் போனை எடுக்க முடியாதவர்கள் உண்டு. அதனால் சூப்பர்வைசர் எண்ணோ வீட்டு ஓனர் எண்ணோ ஒன்று கூடுதலாக. வீசிங், வலிப்பு, ஒவ்வாத மருந்து இருந்தால் சிவப்பு மையில். கடைசியாக, ‘யாரோடு போக வேண்டும்’ என்று ஒரு வரி.

வந்ததும் ஒரு எண்ணிக்கை, நடுவில் ஒன்று, போகும்போது ஒன்று. ஒருவருக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பல்லடம் ரோட்டைத் தாண்டிப் போகும் பிள்ளைகளைத் தனி வரிசையாக்கி, பெரியவர் ஒருவர் கூட்டிப்போய் அந்தப் பக்கம் விட வேண்டும். லாரியும் கம்பெனி வேனும் ஓயாத ரோடு அது.

4. மைதானமும் சாமான்களும்

முதல் நாளுக்கு முந்திய மாலை மைதானத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பாருங்கள். சுக்கான் கல், பாட்டில் சில்லு, கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். கபடிக்கு மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, இளக்கி வையுங்கள். சிறுவர்களுக்கு 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட களம் போதும்.

சாமானுக்குக் காசு இல்லை என்று இந்த ஊரில் யாரும் சொல்லக் கூடாது. நிட்டிங் கம்பெனியில் நூல் தீர்ந்த காலிக் கோன்களைக் கேட்டு வாங்கினால் எல்லைக்கும் வளைந்து ஓடும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். கட்டிங் வேஸ்டில் நிறம் பிரித்து எடுத்தால் அணிக்கொரு தலைப்பட்டை. நீளத் துணிகளைப் பின்னினால் கயிறு. துணியை இறுக்கிச் சுற்றி மேலே பழைய பனியனைத் தைத்தால் பந்து. முதுகில் பட்டால் வலிக்காத இந்தப் பந்து ஏழாங்கல்லுக்கு ரப்பர் பந்தைவிட நல்லது.

5. ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆறு முதல் ஒன்பது வயது வரை நொண்டி, ஏழாங்கல், கிளித்தட்டு. பத்து வயதுக்கு மேல் கபடி, கோ-கோ, வாலிபால். எல்லோரும் ஓட வேண்டும். தோற்றவர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் ஆட்டம் வேண்டாம். அவுட் ஆனவர் பத்து முறை குதித்துவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று விதியை மாற்றுங்கள். இறகுப் பந்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். மே கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் திறந்தவெளியில் ஆட முடியாது.

அணி பிரிக்கத் தலைவர்களிடம் விடாதீர்கள். கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளை அடுத்த நாள் வராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரியுங்கள்.

6. பாஷை

உங்கள் வரிசையில் தேனிக்காரப் பிள்ளையும் நிற்கும், பீகார்ப் பிள்ளையும் ஒடிசாப் பிள்ளையும் நிற்கும். ‘ருக்கோ’, ‘பைட்டோ’, ‘பானி’, ‘கஹாங் தர்த் ஹை’ ஆகிய நான்கும் உங்கள் வாயில் வர வேண்டும். முதல் மூன்றும் இந்தியில் நில், உட்கார், தண்ணீர். கடைசிக் கேள்வி, எங்கே வலிக்கிறது என்பது. மீதியை ஆட்டம் பார்த்துக்கொள்ளும். நம் ஏழாங்கல் வடக்கே பிட்டூ. நம் சடுகுடு வங்காளத்தில் ஹாடுடு. ஒரு நாள் அவர்கள் ஊர் விதிப்படி ஆடச் சொல்லி, விளக்கும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள். வாயே திறக்காத பிள்ளை அன்று கத்தும்.

7. வெயில், தண்ணீர், காயம்

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை விசில். தாகம் இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் குடிக்க வேண்டும். நல்ல தண்ணீர்தான், போர் குழாயின் உப்புத் தண்ணீர் கூடாது. ஓஆர்எஸ் பாக்கெட் பத்து கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் இருக்கும். ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்த பிறகு ஓட விடுங்கள்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அது வெயில் தாக்கு. நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சில்லுமூக்கு உடைந்தால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. முன்னால் குனியவைத்து, மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிடம் பிடியுங்கள். முட்டி சிராய்த்தால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், காப்பித்தூள் அப்பாதீர்கள். அடிபட்ட செய்தி பிள்ளை சொல்லும் முன் உங்கள் வாயால் பெற்றோருக்குப் போக வேண்டும்.

8. உங்களுக்கும் எல்லை உண்டு

எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்காதீர்கள். பிள்ளைகளை உங்கள் வண்டியில் ஏற்றாதீர்கள். படம் எடுத்துப் போட வேண்டுமானால் முதலில் பெற்றோரிடம் கேளுங்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் ஓர் அக்கா கட்டாயம் வேண்டும். பூட்டும் கதவுள்ள கழிப்பறையும் வேண்டும். அடிக்கவோ பட்டப்பெயர் சொல்லவோ கூடாது. பாலியல் தொந்தரவு என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்பிக் கேளுங்கள், குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தகவல் தந்தே ஆக வேண்டும். போலீசிடமோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்லுங்கள்.

9. வராத பிள்ளையைத் தேடுங்கள்

மே மாதத்தில் கோயில் நோன்பிக்குச் சொந்த ஊர் போகும் பிள்ளைகள் நிறைய. அதை முன்கூட்டியே கேட்டு நோட்டில் குறித்துவிட்டால், காரணம் தெரியாமல் நின்றவர்கள் தனியாகத் தெரிவார்கள். இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போங்கள். சில வீடுகளில் இப்படிப் பேச்சு வரும்:

“லீவுல சும்மாதானுங்க மாஸ்டர் இருக்கறான். கம்பெனில கைமடி வேலைக்கு விட்டிருக்கறோமுங்க.”

“எத்தனை வயசாகுதுங்கக்கா?”

“பன்னண்டு நடக்குதுங்க.”

சட்டத்தை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். வாரக் கூலி அந்த வீட்டுக்கு என்ன என்பது உங்களுக்கும் தெரியும். “காலைல ரெண்டு மணி நேரம் எங்கிட்ட விடுங்கக்கா, நானே கூட்டியாந்து விடறேனுங்க” என்று பிள்ளையை மறுபடி வரிசைக்குக் கொண்டுவருவது முதல் வேலை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எந்தக் கம்பெனியும் வேலைக்கு வைக்க முடியாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது இந்தப் பையன் திரும்ப மாட்டான் என்ற பயமும் உண்டு. இதை அம்மாவிடம் பொறுமையாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், 1098-ஐ அழையுங்கள்.

10. கடைசி நாள்

நிறைவு நாளை ஞாயிறு காலையில் வையுங்கள். பெற்றோர் வர முடியும். ஜெயித்தவருக்குக் கோப்பை உண்டு. அதற்கு முன் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பிள்ளை பெயரையும் வாசித்து, ஒரு வரி சொல்லுங்கள்: ஒரு நாள் விடாமல் வந்தவள், தண்ணீர் கேனைத் தூக்கியவன், பிட்டூ சொல்லிக் கொடுத்தவன். பிறகு நோட்டின் பெயர்ப் பட்டியலை மட்டும் நகலெடுத்து வையுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், அந்தப் பட்டியலோடு பள்ளி வாசலில் ஒரு காலை நில்லுங்கள். உள்ளே போகும் பெயர்களுக்கு நேரே டிக் போடுங்கள். டிக் விழாத பெயர்களின் வீட்டு அடையாளம் உங்களிடம் இருக்கிறது.