ஒருவருக்கே இரு கண்களில் இரு நோய்கள்: தெரிந்துகொள்ள வேண்டியவை



மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். அவருக்கு வலது கண்ணில் சர்க்கரையால் வந்த விழித்திரை வீக்கம்; இடது கண்ணில் ரத்தக் குழாய் அடைப்பு. "எல்லாம் சர்க்கரைதானே தம்பி" என்றார். வலது கண் தெளிந்ததும் இரண்டு கண்களுக்கும் ஊசியை நிறுத்திவிட்டார். பிரஷர் மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இடது கண் மங்கிய பிறகே பதறி வந்திருந்தார்.

இந்தத் தவறு நம் வீடுகளில் நடக்கக் கூடாது.

நோயும் காரணமும்

விழித்திரை என்பது கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் மெல்லிய படலம். அதன் மையமான மாகுலாவால்தான் எழுத்தையும் முகத்தையும் தெளிவாகக் காண்கிறோம். நீண்டகாலச் சர்க்கரையால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகி, நீர் கசிந்து மாகுலா வீங்குகிறது. அடைப்பு நோயிலோ, தடித்துப்போன தமனி அருகிலுள்ள சிரையை அழுத்துவதால் ரத்தம் தேங்கிக் கசிகிறது. இதற்கு முக்கியக் காரணம் உயர் ரத்த அழுத்தம்.

சிகிச்சை

பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் போன்ற ஊசிகள் இரண்டு நோய்க்கும் பயன்படுகின்றன. தொடக்கத்தில் பெரும்பாலும் மாதம் ஒன்று. பிறகு ஓசிடி ஸ்கேனைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக மருத்துவர் இடைவெளியை முடிவு செய்வார். மருந்து ஒன்றே என்பதால் கணக்கும் ஒன்றே ஆகிவிடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒரு நோட்டில் வலது, இடது என இரு பத்திகள் போட்டு, நோயின் பெயர், ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள்.
2. வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி, மற்றதால் காலண்டர் கட்டங்களைப் பாருங்கள். இரு கண்களும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கோடு வளைந்தோ, நடுவில் கறுப்பாகவோ தெரிந்தால் தாமதிக்காதீர்கள்.
3. சர்க்கரை, பிரஷர் இரண்டையும் கட்டுப்பாட்டில் வையுங்கள்.
4. ஊசிக்குப் பின் வலியும் சிவப்பும் கூடி, பார்வை குறைந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.
5. சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதியுங்கள். சொட்டு விட்டதும் வண்டி ஓட்ட வேண்டாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

அந்தப் பெரியவர் இடது கண்ணுக்கு மீண்டும் ஊசி போட்டு வருகிறார். இழந்த பார்வை முழுவதும் திரும்பும் என்று மருத்துவர் உறுதி கூறவில்லை. இப்போது அவருடைய பேத்திதான் அந்த நோட்டை எழுதுகிறாள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள்: "எந்தக் கண்ணுக்கு என்ன நோய்? அடுத்த தேதி எப்போது?"