செய்தி செல்லும் வழி

ஒரு நாட்டின் செல்வம் வயலிலும் கடலிலும் தொழிற்சாலையிலும் பிறக்கின்றது. பிறந்த செல்வம் உரிய காலத்தில் வேண்டுவோர் கையைச் சேர வேண்டுமாயின் இரண்டு வழிகள் தேவை. ஒன்று பொருள் செல்லும் வழி. மற்றொன்று செய்தி செல்லும் வழி. பின்னதன் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று கேரள நாட்டில் நடந்தது.

1997ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள், வடகரைக் கடற்கரையில் மத்தி மீனுடன் கரையேறிய மீனவருள் 11 பேருக்கு வாங்குவார் கிடைத்திலர். அரிதின் முயன்று பிடித்த மீனை அவர்கள் வீணே கொட்ட நேர்ந்தது. அதே நாளில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த வேறு சந்தைகளில் அம்மீனை வாங்கக்கூடிய வணிகர் 27 பேர் இருந்தனர். ஓரிடத்தில் மீன் மிகுந்தது. மற்றோரிடத்தில் அதற்கு வேண்டுதல் மிகுந்தது. ஒருவர் நிலையை மற்றவர் அறிய வழியில்லை.

அவ்வாண்டு முதல் அக்கடற்கரையில் அலைபேசிக் கோபுரங்கள் படிப்படியாக எழுந்தன. அவற்றின் அலைகள் கடலுக்குள்ளும் எட்டின. மீனவர் படகில் இருந்தபடியே பல சந்தைகளின் விலையை வினவி, தக்க துறைக்குப் படகைச் செலுத்தினர். இதனை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் இராபர்ட்டு ஜென்சன் 2007இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மீன் வீணாதல் ஏறத்தாழ முற்றும் நின்றது. மீனவரின் ஆதாயம் 8 விழுக்காடு உயர்ந்தது. மக்கள் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. விற்றவரும் வாங்கியவரும் ஒருங்கே நலம் பெற்றனர்.

இத்துணை நன்மையும் வெறும் பேச்சினால் விளைந்தது. அலைபேசி வலையமைப்போ ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு தலைமுறையாக வளர்ந்து வருகின்றது. 1979இல் டோக்கியோவில் தொடங்கிய முதல் தலைமுறை குரலை மட்டும் ஏந்திச் சென்றது. இரண்டாம் தலைமுறை குறுஞ்செய்தியையும், மூன்றாம் தலைமுறை விரைவான இணையத்தையும், நான்காம் தலைமுறை தங்குதடையின்றி ஓடும் காணொளியையும் கொணர்ந்தன. ஐந்தாம் தலைமுறை 2019இல் தென்கொரியாவில் மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. இந்தியாவில் 2022 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது.

இப்புதிய தலைமுறையின் சிறப்புகள் மூன்று. செய்தி மிக விரைந்து செல்லும். அனுப்பியதற்கும் விடை வருவதற்கும் இடைப்பட்ட காலம் மிகச் சுருங்கும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 இலட்சம் கருவிகள் வரை இணையலாம். எனவே மனிதரேயன்றிக் கருவிகளும் தம்முள் செய்தி பரிமாறிக் கொள்ளும். வயலில் நட்ட கருவி மண்ணின் ஈரத்தை உழவருக்கு அறிவிக்கும். நோயாளி மருத்துவமனையை அடையுமுன்பே அவருடைய நாடித்துடிப்பை மருத்துவர் காண இயலும்.

ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மிகுந்த விரைவைத் தரும் உயர் அதிர்வெண் அலைகள் நெடுந்தொலைவு செல்லமாட்டா. சுவரும் மரமும் அவற்றைத் தடுக்கும். ஆதலின் கோபுரங்கள் நெருங்கி அமைதல் வேண்டும். அவற்றை இணைக்கக் கண்ணாடி இழை வடங்களும் வேண்டும். மக்கள் திரண்டு வாழும் நகரத்தில் இச்செலவு விரைவில் மீளும். மலையிலுள்ள சிற்றூரில் எளிதில் மீளாது. அத்தகைய இடங்களில் அரசு துணை நிற்றல் இன்றியமையாதது. அந்தமான் தீவுகள் இதற்குத் தக்க சான்று. வெளித்தொடர்புக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்த அத்தீவுகளுக்குச் சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீள வடம் அமைக்கப்பெற்று, 2020 ஆகஸ்டில் பயன்பாட்டிற்கு வந்தது. ஆதாயம் ஒன்றையே கருதியிருந்தால் இது கைகூடியிராது.

ஆறாம் தலைமுறைக்கான ஆராய்ச்சி இப்பொழுது நடைபெறுகின்றது. விரைவு மேன்மேலும் பெருகுக! ஆனால், நாடு பெறும் நன்மையை விரைவை மட்டும் கொண்டு அளத்தல் ஆகாது. வடகரை மீனவருக்குத் தேவைப்பட்டது பெருவிரைவு அன்று. தம் படகுவரை எட்டிய ஓர் அலையே. அவ்வலை கடைக்கோடிச் சிற்றூரையும் எட்டும் நாளன்றோ நாடு முழுப்பயன் பெறும் நாள்!