கட்டடத்துக்குள் வழிகாட்ட எந்த அலை?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சிக்னல், கான்கிரீட் கூரைக்குள் நுழையும்போது ஓய்ந்துபோகிறது. பெரிய மருத்துவமனைக்குள் ஒரு செல்போன் எங்கே இருக்கிறது என்று அறிய, உள்ளேயே ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். விற்க வருபவர்கள் எடுத்த எடுப்பில் துல்லியத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது: யாருடைய போனில் இது ஓட வேண்டும்?

வைஃபை ஏற்கெனவே கட்டடத்தில் இருக்கும். புதிதாக எதுவும் மாட்ட வேண்டாம். எந்த இடத்தில் எந்த ரூட்டரின் சிக்னல் எவ்வளவு வலுவாகக் கிடைக்கிறது என்று நடந்து நடந்து அளந்து, வரைபடம் போட்டுக்கொள்வார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ‘ரேடார்’ இதற்கு முன்னோடி. ஆனால் அந்த வரைபடம் நிலைப்பதில்லை. இரும்பு பீரோ ஒன்றை நகர்த்தினாலே அளவுகள் மாறிவிடும். மனித உடலில் உள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும் என்பதால், ஆளில்லாத காலையில் எடுத்த அளவு மாலை பார்வை நேரக் கூட்டத்தில் பொருந்தாது. தவிர, சுற்றியுள்ள ரூட்டர்களின் சிக்னல் வலுவைப் படிக்க ஐபோன் சாதாரண செயலிகளை அனுமதிப்பதில்லை. பொதுமக்களுக்கு வழிகாட்ட இதை நம்பி இறங்குவது சரிவராது.

புளூடூத் பீக்கன் தீப்பெட்டி அளவுதான். சுவரில் ஒட்டினால் போதும், ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்குமே அதன் சிக்னல் எட்டும். லண்டன் காட்விக் விமான நிலையம் 2017இல் ஏறத்தாழ 2,000 பீக்கன்களைப் பொருத்தியது. துல்லியம் சுமார் 3 மீட்டர். எக்ஸ்ரே அறையின் வாசலைக் காட்ட அது தாராளம். பேட்டரி தீரத் தீர மாற்றுவதற்கு ஆள் வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அல்ட்ரா வைடு பேண்ட், அலை பயணிக்கும் நேரத்தையே அளக்கிறது. ஒரு நானோ நொடியில் அலை 30 சென்டிமீட்டர் போகும். பொருளின் இடத்தைச் சாணளவில் சொல்லிவிடும். ஆனால் ஐபோனில் அது 2019இல்தான் வந்தது. விலை குறைந்த ஆண்ட்ராய்டுகளில் பெரும்பாலும் கிடையாது. கிடங்கில் ஃபோர்க்லிஃப்டுக்கோ, வார்டில் வென்டிலேட்டருக்கோ நீங்களே டேக் மாட்டுவதாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

நோயாளிகளுக்கும் உறவினர்களுக்கும் வழிகாட்ட பீக்கனே போதும். கையெழுத்துப் போடும் முன், கூட்டம் நெரியும் நேரத்தில், மலிவான ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.