பட்டி பார்த்தால் போதுமா?

கேள்வி: கடற்கரை விடுதியில் வாடகைக்கு விட, பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். மூன்று பேர் உட்காரும் ஃபைபர் வண்டி. கரையேற்றும்போது பாறையில் இடித்து, அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டுவிட்டது. பட்டி பார்த்து ஸ்பிரே அடித்தால் புதுசாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா ஐயா? பக்கவாட்டில் நிறமும் வெளுத்திருக்கிறது.
— வாசகர், கோவளம்

பதில்: வேண்டாம். கார் கதவுக்குப் போடும் பட்டியில் பெரும்பங்கு டால்க் தூள். அந்தப் பட்டி ஈரத்தை உறிஞ்சும்; தண்ணீருக்குக் கீழே அலையின் அடி வாங்கும் இடத்தில் உப்பிக் கழன்றுவிடும். அதைவிட முக்கியம், பட்டி பள்ளத்தைத்தான் நிரப்பும். விரிசலில் அறுந்துபோன கண்ணாடி இழைகளை இணைக்காது. நீச்சல் தெரியாதவர்களும் ஏறும் வாடகை வண்டிக்கு இந்த வைத்தியத்தை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

முதலில் சேதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். மேலே பளபளப்பது ஜெல்கோட் என்னும் மெல்லிய வண்ணப் பூச்சு. வலு முழுக்க அதற்கு அடியிலுள்ள ஃபைபரில். ஸ்பேனர் கைப்பிடியால் விரிசலைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இடம். மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. அந்த எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிட அது பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும்.

அடுத்தது காயவைப்பது. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். உப்பு போக நல்ல தண்ணீரில் அலசி, வடிகால் மூடிகளைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வையுங்கள். மிதப்பதற்காக உள்ளே அடைத்திருக்கும் நுரை தண்ணீர் குடித்திருந்தால் அது லேசில் காயாது. வெட்டி எடுத்துவிட்டு வேறு நிரப்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சவாரி இல்லையே என்று அப்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சித்திரை, வைகாசிதான் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், துறைமுகங்களில் விசைப்படகுகளைப் பழுதுபார்க்கும் வேலை மும்முரமாக நடக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகியதில், இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் குப்பத்துக்குக் குப்பம் இருக்கிறார்கள். கார் பெயிண்டரைவிட அவர்கள் உங்களுக்கு உதவுவார்கள்.

கிரைண்டரைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க்கை வெளியே எடுத்துவிடுங்கள். சீட்டைத் திறந்து வைத்து ஆவி முழுக்கப் போகவிடுங்கள். கண்ணாடித் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். சேதமான பகுதியை எடுத்த பிறகு, ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் நீண்ட சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமனைப்போல் 12 மடங்கு அகலம் என்பது கணக்கு. ஃபைபர் 4 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் சரிவு. வீணாகப் பெரிதாக்குவதுபோல் தோன்றும். ஆனால் புது ஃபைபர் பழையதைப் பிடித்துக்கொள்வது இந்தச் சரிவில்தான்.

பழைய ஃபைபரோடு ஒட்டுவதற்கு என் தேர்வு எபாக்ஸி. அதற்கு நெய்த கண்ணாடித் துணிதான் வாங்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘மேட்’ (நெய்யாமல் இழைத் துண்டுகளைப் பசையால் கட்டிய விரிப்பு), பாலியெஸ்டர் ரெசினுக்கு உரியது. அதைக் கட்டியிருக்கும் பசை எபாக்ஸியில் கரையாது. பெரிய துண்டை முதலில் ஒட்டி, மேலே சிறியவற்றை அடுக்கி, ஒவ்வொன்றிலும் காற்றுக்குமிழ் போக உருட்டுங்கள். வெயில் காலத்தில் எபாக்ஸி சீக்கிரம் சூடேறி இறுகும். மெதுவாக இறுகும் ஹார்ட்னர் கேளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அகலத் தட்டில் கலக்குங்கள். இறுகியபின் மேலே படியும் வழுவழுப்பைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் உப்புத்தாள் போடக் கூடாது. அதன்மேல் எபாக்ஸி பிரைமர், பிறகு இரு கலவை பாலியூரித்தேன் பெயிண்ட்.

வேலை செய்பவர் பாலியெஸ்டர்தான் பழக்கம் என்றால் அதிலும் செய்யலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: நம் ஊர்க் கடைகளில் ரெசினோடு கோபால்ட், கேட்டலிஸ்ட் என்று இரண்டு புட்டிகள் தருவார்கள். அவை இரண்டும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

தேய்க்கும்போது அடிப்பாகத்தின் கூர்மையான விளிம்புகளை மழுக்கிவிடாதீர்கள். திருப்பத்தில் தண்ணீரைப் பிடித்து வண்டியை வழுக்காமல் வைத்திருப்பது அந்த விளிம்புகள்தான். பின்பகுதியில் மேடோ பள்ளமோ விட்டால் வேகத்தில் வண்டி மேலும் கீழுமாகத் துள்ளும்.

வெளுத்த பக்கவாட்டுக்குப் பெயிண்ட் தேவையில்லை. வெயிலில் ஜெல்கோட்டின் மேல்தோல் சுண்ணாம்புபோல் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் விட்டு 800, 1000, 1500 எண் தாள்களால் வரிசையாகத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு, மெழுகு பூசினால் நிறம் எழும்பும்.

கேள்வி: என்னிடம் இருப்பது சீ-டூ ஸ்பார்க் வாட்டர் ஸ்கூட்டர். அடியில் கீறல்கள். இதே முறையா?
— வாசகர், ராமநாதபுரம்

பதில்: இல்லை. ஸ்பார்க்கின் உடல் கண்ணாடி இழை கலந்த பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக். எபாக்ஸியும் ஒட்டாது, பாலியெஸ்டரும் ஒட்டாது. நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருப்பதால் மேலோட்டமான கீறலில் பிசிறை மட்டும் பிளேடால் சீவிவிட்டுப் பேசாமல் ஓட்டலாம். விரிசல் உள்வரை போயிருந்தால் அதே பிளாஸ்டிக் கம்பியை வைத்து வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஃபைபர் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.